7.5 சதவீதம் கல்லூரிக் கதவைத் திறந்தது. ஒர்க்‌ஷாப் கதவை யார் திறப்பது?



இன்னைக்கு மீம் இல்ல. கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ல போகும்போது படிங்க, டீ குடிச்சுக்கிட்டே படிங்க, ஆனா முழுசாப் படிங்க.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நாலு வருஷம் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிச்சு, முதல் வகுப்புல தேறி, பட்டம் வாங்கின ஒருத்தன், அந்த நாலு வருஷத்துல ஒரு பிரேக் டிரம்மைக்கூடக் கழட்டிப் பார்த்ததில்லைன்னு சொன்னா நம்புவீங்களா?

நம்புங்க. அது நான்தான்.

கச்சிராயப்பாளையம் பக்கத்துல ஒரு கிராமம். அப்பா கரும்பு வெட்டுற கூலி. பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளி. 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டமாச்சு. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும்னு அறிவிப்பு வந்தது. அந்த முதல் செட்டில் நானும் ஒருத்தன். அந்தச் சட்டம் இல்லைன்னா நான் இன்னைக்கு இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்க மாட்டேன். அந்த நன்றி சாகும் வரைக்கும் இருக்கும்.

ஆனா நன்றி இருக்குங்கிறதுக்காக உண்மையை மறைக்க முடியாது.

இரண்டாம் வருஷம் எங்க கல்லூரியில் ஒரு அறிவிப்பு. காடு மேடு எல்லாம் ஓடுற வண்டி ஒண்ணை மாணவர்களே வடிவமைச்சு, வெல்டிங் அடிச்சு, போட்டிக்குக் கொண்டு போகணும். நான்தான் முதல் ஆளா பேர் கொடுத்தேன். அடுத்த நாள் சொன்னாங்க: தலைக்கு 18,000 ரூபாய் பங்கு. குழாய், டயர், ஷாக் அப்சார்பர், பதிவுக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து.

18,000. எங்க அப்பா எத்தனை நாள் கரும்பு வெட்டணும்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். வீட்டுல கேக்கவே இல்ல.

"பரவால்லப்பா, நீ ரிப்போர்ட் டைப் பண்ணிக் கொடு, உன் பேரும் சேர்த்துக்கலாம்"னாங்க. சேர்த்தாங்க. சான்றிதழ்ல என் பேர் இருக்கு. அந்த வண்டியில் என் கை பட்ட ஒரு போல்ட்டும் இல்ல.

கடைசி வருஷ ப்ராஜெக்ட் கதை உங்களுக்கே தெரியும். நாலு பேர் சேர்ந்து காசு போட்டு ஒரு 'ப்ராஜெக்ட் சென்டர்'ல ரெடிமேடா வாங்கினோம். வண்டி, ரிப்போர்ட், பவர்பாயின்ட், தேர்வாளர் கேக்கப்போற கேள்விக்குப் பதில், எல்லாம் ஒரே பேக்கேஜ். கல்லூரிக்கும் தெரியும், தேர்வாளருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எல்லாருமாச் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். மார்க் 92.

தோழர்களே, இது என் ஒருத்தன் கதைன்னு நினைச்சா இங்கேயே ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுங்க. ஆனா உங்க வீட்டுலயோ, உங்க தெருவுலயோ ஒரு மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பட்டதாரி இருந்தா அவன்கிட்ட கேட்டுப் பாருங்க. தலையைக் குனிஞ்சுக்குவான்.

சரி, கை வைக்காமல் படிச்சா என்ன குடி முழுகிப் போச்சு?

படிப்பு முடிஞ்சு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு இன்டர்வியூ. "இறக்கத்தில் பிரேக் பிடிக்காமப் போறது ஏன்?"னு கேட்டாங்க. புத்தகத்தில் இருந்த வரையறையை அப்படியே ஒப்பிச்சேன். அடுத்த கேள்வி: "சரி, நீ கழட்டின லைனிங் பார்க்க எப்படி இருந்துச்சு?"

வாயைத் திறக்க முடியல. வெளியே வந்துட்டேன்.

எங்க மாமா கச்சிராயப்பாளையத்துல இருந்து வெள்ளிமலைக்குப் பிக்கப் ஓட்டுறார். எட்டாவது ஃபெயில். அந்த வாரம் அவரோட கல்வராயன் மலைக்குப் போனேன். திரும்பி வரும்போது மரவள்ளிக் கிழங்கு லோடு. கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது இரண்டாவது கியர்ல போட்டுட்டு பிரேக்கைத் தொடவே இல்ல. "ஏன் மாமா?"னு கேட்டேன். "ஏறின கியர்லயே இறங்கணும்டா. டீசலை மிச்சம் புடிக்கிறேன்னு நியூட்ரல்ல விட்டவன் எல்லாம் பள்ளத்துல கெடக்குறான்"னார்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் பாருங்க. லோடோட சேர்த்து வண்டி எடை 2,500 கிலோன்னு வைங்க. மேலே இருந்து கீழே 500 மீட்டர் உயரம் இறங்குது. எடை, ஈர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா சுமார் 1 கோடியே 22 லட்சம் ஜூல். டயரும் காத்தும் கொஞ்சம் வாங்கிக்கும். மீதி அத்தனையும் பிரேக்கில்தான் சூடா இறங்கணும். அது எவ்வளவு சூடு தெரியுமா? 40 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதி வர வைக்கிற சூடு! அதை நாலு சக்கரத்துல இருக்கிற லைனிங் தாங்கணும். தாங்காது. லைனிங் சூடேறப் பிடிப்பு குறையும், காலை அமுக்கினா வண்டி நிக்காது. கியர்ல இறங்கினா அந்தப் பாரத்தில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கும். எஞ்சினையே அணைச்சுட்டு உருள விட்டா இன்னும் மோசம். பிரேக்குக்கு உதவுற வேக்குவம் ரெண்டு மூணு மிதியிலேயே தீர்ந்துடும், மிதி கல்லு மாதிரி ஆயிடும்.

நாலு வருஷத்தில் புரியாதது ஒரு இறக்கத்தில் புரிஞ்சுது. மாமாவுக்கு ஜூல் தெரியாது. எனக்கு லைனிங் தெரியாது. அவர் கையும் என் கணக்கும் ஒரே ஆளுக்குள்ள சேர்ந்திருந்தா, அவன்தானே இன்ஜினியர்?

நான் கேக்கிறது அவ்வளவுதான். அந்த ரெண்டையும் சேர்த்து வைக்கிற இடத்துக்குப் பேர்தான் ஒர்க்‌ஷாப்.

"அப்போ நீ குலக்கல்வியை ஆதரிக்கிறியா?"

கமெண்ட்ல இந்தக் கேள்வி வரும்னு தெரியும். அதனால இப்பவே பதில் சொல்லிடறேன்.

1953-ல் ராஜாஜி கொண்டு வந்த திட்டம் என்ன? ஆரம்பப் பள்ளிக் குழந்தை பாதி நேரம் பள்ளியில், மீதி நேரம் அப்பன் தொழிலில். செருப்பு தைக்கிறவர் மகன் செருப்பு தைக்கணும், துணி வெளுக்கிறவர் மகன் துணி வெளுக்கணும். தமிழ்நாடு கொதிச்சு எழுந்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போச்சு. போக வேண்டியதுதான்.

நான் சொல்றது அதுக்கு நேர் எதிர். கரும்பு வெட்டுறவர் மகன் பல்கலைக்கழகத்தில் போய், அவன் பரம்பரையில் யாரும் தொடாத ஒரு எந்திரத்தை வடிவமைச்சு, அறுத்து, ஒட்டவைச்சு, ஓட்டிக் காட்டணும்னு கேக்கிறேன்.

இன்னொண்ணையும் யோசிங்க. டிகிரி படிச்சவன் கையில் கிரீஸ் படக் கூடாது, அது ஐடிஐ படிச்சவன் வேலைங்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது? மூளை மேலே, கை கீழே. கணக்குப் போடுறவன் உசந்தவன், ஸ்பேனர் பிடிக்கிறவன் தாழ்ந்தவன். இந்த அடுக்கை இதுக்கு முன்னாடி எங்கேயாவது பார்த்திருக்கோமா, இல்லையா? ஆயிரம் வருஷமா நாம எதிர்த்துச் சண்டை போடுற அதே அடுக்குதான், இப்போ லேப் கோட் போட்டுக்கிட்டு வந்து நிக்குது. கையைக் கேவலமாப் பார்க்கிற படிப்பு சமூகநீதிப் படிப்பு ஆகாது, தோழர்களே.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்ல

ஜி.டி.நாயுடு. பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்போட நின்னு போச்சு. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செஞ்சு காசு சேர்த்து, அதை வாங்கினார். வாங்கி என்ன பண்ணினார்? ஊர் சுத்தல. பிரிச்சுப் போட்டார். பிரிச்சு, திரும்பப் பூட்டினார். அதுதான் அவர் பல்கலைக்கழகம். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டு ஆரம்பிச்சவர், பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே கட்டினார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரி வரக் காரணமா இருந்தார். நாலு வருஷப் படிப்பு நேர விரயம், ஒழுங்காச் சொல்லிக் கொடுத்தா ரெண்டு வருஷம் போதும்னு வாதாடினார். வெள்ளைக்கார அரசு ஒத்துக்கல. விலகிட்டார். அந்தக் கல்லூரிதான் இன்னைக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

அடுத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் சி.ராஜம் தன் வீட்டை வித்துத் தொடங்கினார். நாடு சுதந்திரம் வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல. அப்பவே விமானம், ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல்னு நாலு புதுத் துறையை அங்கே ஆரம்பிச்சாங்க. அது இன்னைக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம், அதாவது நம்ம அரசுச் சொத்து.

சமீபத்துக்கு வாங்க. ஐஐடி மெட்ராஸில் இன்ஜினியரிங் டிசைன் படிச்ச தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ரெண்டு பேரும் 2013-ல் ஏத்தர் நிறுவனத்தை ஆரம்பிச்சாங்க. அந்த மின்சார ஸ்கூட்டர் இன்னைக்கு ஓசூரில் தயாராகுது. அவங்க கெட்டிக்காரங்க, சந்தேகமே இல்ல. ஆனா கெட்டிக்காரத்தனம் ஐஐடி மதில் சுவருக்குள்ள மட்டுமா பிறக்குது? வெள்ளிமலையில் பிறக்காதா? கரியாலூரில் பிறக்காதா? அங்கே பிறந்தவன் கையில் ஸ்பேனரும் கொடுத்து, தப்புப் பண்ண இடமும் கொடுத்தது யாரு?

போட்டியில் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்குங்க

'பாஹா'ன்னு மாணவர் வாகனப் போட்டி ஒண்ணு இருக்கு. 1976-ல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்கினது. இந்தியாவில் எஸ்ஏஇ அமைப்பு 2007-ல் இருந்து நடத்துது. எஞ்சின் வண்டிப் பிரிவில் அணிகளுக்கு ஒரே மாதிரி சின்ன எஞ்சின். எஞ்சினில் கை வைக்கக் கூடாது. மத்ததெல்லாம் மாணவர் மூளை, மாணவர் கை. சட்டத்துக்கு எந்தக் குழாய், எங்கே வளைக்கிறது, எந்த கியர் விகிதம், சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் அசையணும்னு எல்லாமே அவங்க முடிவு.

பிரேக் சோதனையில் நாலு சக்கரமும் ஒண்ணா லாக் ஆகணும். ஒரு சக்கரம் உருண்டாலும் திரும்பிப் போய்ச் சரி பண்ணிட்டு வரணும். ஆபத்துன்னா ஓட்டுநர் சில விநாடியில் பெல்ட்டைக் கழட்டி வெளியே குதிக்கணும். செலவுக் கணக்கு எழுதி, இந்த வண்டியை ஏன் தயாரிக்கணும்னு நடுவர்கிட்ட வாதாடணும். கடைசியில் நாலு மணி நேரம் கல்லு, மேடு, சேறுன்னு ஓட்டம். வெல்டிங் சரியில்லைன்னா அங்கே தெரிஞ்சுடும். ப்ராஜெக்ட் சென்டர்ல வாங்கின வண்டி அங்கே அரை மணி நேரம் தாங்காது.

அதில் மலை ஏறும் சோதனையும் உண்டு. அதுக்காக மண்ணைக் கொட்டி மேடு கட்டுவாங்க. இங்கே மலையே இருக்கு, தோழர்களே! கிழக்குத் தொடர்ச்சி மலை கட்டி வச்ச மேடு. வளைவு, இறக்கம், மழைக்காலச் சேறு எல்லாம் இலவசம். அந்த மலையடிவாரத்துப் பையனுக்கு மட்டும் வண்டி கட்டுற வாய்ப்பு இல்ல. ஏன்? பங்குக் காசு இல்ல.

கல்விக் கட்டணத்தை அரசு கட்டுது. விடுதிக் கட்டணத்தை அரசு கட்டுது. ஆனா எந்த இடத்தில் ஒருத்தன் உண்மையிலேயே இன்ஜினியர் ஆகிறானோ, அந்த இடத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டியது அவன் அப்பா. காசு உள்ளவன் வண்டி கட்டுறான், இல்லாதவன் ரிப்போர்ட் டைப் பண்றான். கல்லூரிக்குள்ளேயே ரெண்டு டம்ளர்.

மலைக்கு எது வேணும்?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆச்சு. டிவியில் இந்தப் பேர் எதுக்காக அதிகமா அடிபட்டது? 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேற்பட்டவங்க செத்தப்போ. உடனே எல்லா கேமராவும் கல்வராயன் மலைப் பக்கம் திரும்பிச்சு. ஊறல், பானை, ரெய்டு. மலையாளி பழங்குடி மக்கள்னாலே சாராயம் காய்ச்சுறவங்கன்னு முத்திரை. 1976 வரைக்கும் ஜாகிர்தார்கள் கையில் கிடந்த மலை அது. அங்கே சாலை எங்கே, பஸ் எங்கே, வேலை எங்கேன்னு எத்தனை பேர் கேட்டாங்க? சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து அந்த மக்களோட வாழ்நிலை பத்திக் கேள்வி கேக்க வேண்டி வந்தது. அது நமக்கெல்லாம் வெட்கம்.

சாலை போடுறதும் பஸ் விடுறதும் அரசோட கடமை. அதை மாணவர் ப்ராஜெக்ட் தலையில் கட்ட முடியாது, கட்டவும் விட மாட்டோம். ஆனா சாலை வந்த பிறகும் அந்த மலைக்குன்னு வண்டிப் பிரச்சினைகள் இருக்கு. லோடு வண்டியில் ஆளுங்க நின்னுக்கிட்டுப் போறாங்க. உடம்பு முடியாதவங்களைக் கட்டில்லயும் தூளியிலும் தூக்கிட்டு வர்ற குக்கிராமம் இருக்கு. குறுகலான தடத்தில் போற சின்ன நோயாளி வண்டி எப்படி இருக்கணும்? இறக்கத்தில் பிரேக் சூட்டைக் காட்டி எச்சரிக்கிற ஒரு மலிவான கருவியைப் பழைய பிக்கப்பில் பொருத்த முடியுமா? கடுக்காயும் சாமையும் கிழங்கும் ஏத்துற வண்டிக்கு எந்த கியர் விகிதம்?

"இனிமே எல்லாம் மின்சார வண்டி, இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேப்பாங்க. அந்த 1 கோடியே 22 லட்சம் ஜூலை யூனிட்டில் சொன்னா 3.4 யூனிட் மின்சாரம். இன்னைக்கு அது லைனிங்கைப் பொசுக்கி வீணாப் போகுது. மின்சார வண்டியில் மோட்டாரே ஜெனரேட்டரா மாறி அதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பாதி திரும்பினாலும் லாபம்தானே? ஆனா ஒரு சிக்கல். மலை உச்சியிலேயே பேட்டரி முழுசா சார்ஜ் ஆகியிருந்தா அதுக்கு வாங்கிக்க இடம் இருக்காது. அப்போ இறக்கத்தில் பிரேக் மறுபடியும் தனியா நிக்கும். இந்தச் சிக்கல் சமவெளியில் ஓட்டிப் பார்க்கிறவனுக்குத் தோணுமா? வெள்ளிமலைப் பையனுக்குத் தோணும்.

அதனால நாம கேக்கிறது நாலு

1. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த மாணவர்கள், பழங்குடி, பட்டியலின மாணவர்கள், இவங்களோட வாகன ப்ராஜெக்ட் பங்கையும் போட்டிக் கட்டணத்தையும் கல்விக் கட்டணம் மாதிரியே அரசு கட்டணும். கட்டணம் இல்லாக் கல்வின்னா அது ஒர்க்‌ஷாப் வரைக்கும் வரணும்.

2. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு ஒரு பொது வாகனப் பட்டறை. குழாய் வளைக்கிற எந்திரம், வெல்டிங், லேத், பிரேக் சோதனை மேடை எல்லாம் அங்கே இருக்கணும். ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் மூணு மாணவர்களும் ஒரே மேஜையில் வேலை செய்யணும். சாயங்காலமும் திறந்திருக்கணும்.

3. அந்தப் பட்டறையில் ஊர் மெக்கானிக்குகளையும் மலை ஓட்டுநர்களையும் மதிப்பூதியம் கொடுத்துப் பயிற்றுநரா உக்கார வைக்கணும். எங்க மாமாவுக்கு 'சார்'னு ஒரு நாற்காலி போடுங்க. அவர் அதுக்குத் தகுதியானவர்.

4. கடைசி வருஷத் தேர்வில் பவர்பாயின்ட் வேண்டாம். "இதைக் கழட்டு. திரும்பப் பூட்டு. ஸ்டார்ட் பண்ணு." இந்த மூணு வார்த்தை போதும், ப்ராஜெக்ட் சென்டர் எல்லாம் தானா ஷட்டரை இறக்கிடும்.

இதுக்கெல்லாம் காசு எங்கேன்னு யாராவது கேட்டா, ஒரகடம், ஓசூர், தூத்துக்குடின்னு வாகனத் தொழிற்சாலைகளை வரைபடத்தில் காட்டிப் பெருமைப்படுறோமே, அதைக் காட்டுங்க. அந்தத் தொழிற்சாலைக்குக் கள்ளக்குறிச்சியில் இருந்து பையன் போறான். எந்த வாசல் வழியாப் போறான்? காண்ட்ராக்ட் ஆள் வாசல் வழியா. வடிவமைப்புப் பிரிவு வாசல் வழியாப் போக வைக்கிறதுதான் நம்ம அரசியல்.

நம்ம தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. எதிர்த்தரப்போட கமெண்ட்ல விடிய விடியச் சண்டை போடுறோம். நானும்தான். இந்த வாரம் ஒரு நாள் அதை நிறுத்திட்டு, உங்க ஊர் அரசு ஐடிஐக்கோ பாலிடெக்னிக்குக்கோ போங்க. ஒர்க்‌ஷாப்பில் எத்தனை எந்திரம் ஓடுது, எத்தனை எந்திரம் துணி போத்திக் கிடக்குதுன்னு எண்ணிட்டு வாங்க. அடுத்த கிராம சபையில் எழுந்து நின்னு கேளுங்க, தீர்மானமாப் பதிவு பண்ணச் சொல்லுங்க. எண்ணிக்கையை இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. நாம எந்தப் பக்கம் உக்கார்ந்திருந்தாலும், யார் ஆட்சியில் இருந்தாலும், இந்தக் கேள்வி மாறாது.

போன மாசம் மாமா வண்டியோட பின் சக்கர டிரம்மை நானே கழட்டினேன். லைனிங் கண்ணாடி மாதிரி வழவழன்னு பளபளத்துக்கிட்டு இருந்துச்சு. இன்டர்வியூவில் கேட்டாங்களே, "எப்படி இருந்துச்சு?"ன்னு. இப்போ பதில் தெரியும்.

பட்டம் வாங்கின பிறகு தெரிஞ்சுது. அடுத்து வர்றவனுக்கு அதுக்கு முன்னாடியே தெரியணும்.

பகிருங்கள், தோழர்களே.

#ஒர்க்‌ஷாப்_கதவைத்_திற
#கள்ளக்குறிச்சி #கல்வராயன்மலை